மலையகச் சமையலறையில் சீஸ் சோஸ் மீன்: முழுமையான வழிகாட்டி

வெண்ணிறச் சதையுள்ள மீனைப் பாலும் சீஸும் கலந்த கெட்டியான சோஸால் மூடி, மேற்பரப்பு பொன்னிறமாகும் வரை ஓவனில் சுடுவது ஆங்கிலேயச் சமையல் வழக்கத்தைச் சேர்ந்த முறை. இதற்கு வேண்டிய பொருட்களுள் மீனைத் தவிர மற்றவை பெரும்பாலும் மலையகத்திலும் அதன் அடிவாரங்களிலும் கிடைப்பவையே. அம்பேவெலப் பக்கத்துப் பால், நுவரெலியாவின் லீக்ஸ், வெலிமடை உருளைக்கிழங்கு, கண்டி, மாத்தளைப் பகுதிகளின் மிளகும் சாதிக்காயும் நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. மீன் மட்டும் கடற்கரையில் ஏற்றப்பட்டு, ஐஸ் பெட்டியில் கிடந்து, லொறியில் மலையேறி ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ வந்து சேர்கிறது. உருகிய ஐஸின் நீரை அந்த மீன் தன்னுள் தாங்கியிருக்கிறது. ஓவனின் சூட்டில் அதை வெளியே விடுகிறது. நன்றாகக் காய்ச்சிய சோஸும் அப்போது நீர்த்துப்போகிறது. ஆகவே இந்தச் சமையலின் ஒவ்வொரு படியையும் நீரைக் கட்டுப்படுத்தும் வேலையாகவே நான் கருதுகிறேன். கீழேயுள்ள அளவுகளும் அந்த நோக்கத்தோடு அமைந்தவை.

நான்கு பேருக்கு வேண்டிய அளவு

தோலும் முள்ளும் நீக்கிய மீன் 700 கிராம், நடுத்தர லீக்ஸ் இரண்டு, முழு ஆடைப் பால் 500 மில்லி லீட்டர், பட்டர் 50 கிராம், கோதுமை மா 50 கிராம், அதாவது தட்டையாக நிரப்பிய 6 மேசைக்கரண்டி, துருவிய சீஸ் 120 கிராம் ஆகியவை அடிப்படை. பாலுக்கு மணமேற்ற அரைப் பெரிய வெங்காயம், கராம்பு இரண்டு, பே இலை ஒன்று, முழு மிளகு பத்து வரை, கீறிய பச்சை மிளகாய் ஒன்று போதும். சோஸின் முடிவில் சேர்க்க ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, வெள்ளை மிளகுத் தூள், சிறிது சாதிக்காய்த் துருவல் வேண்டும். மேலே தூவ, இரண்டு நாள் பழைய பாணை உதிர்த்து எடுத்த தூள் ஒரு கைப்பிடி, உருக்கிய பட்டர் ஒரு மேசைக்கரண்டி, தனியே 30 கிராம் சீஸ் எடுத்து வையுங்கள். லீக்ஸை வதக்குவதற்கு இன்னும் ஒரு மேசைக்கரண்டி பட்டர் தேவைப்படும்.

எந்த மீன், எப்படிப் பார்த்து வாங்குவது

மலையகச் சந்தைகளில் அதிகம் காணப்படும் கெலவல்லா, பலயா, தலபத் ஆகியவை இந்தச் சமையலுக்கு ஏற்றவை அல்ல. கெலவல்லாவும் பலயாவும் செஞ்சதை மீன்கள். அவை பால் சோஸுக்குள் இறுகி, உலர்ந்து, சோஸின் நிறத்தையும் மங்கச் செய்கின்றன. தலபத்தின் சதையும் ஓவன் சூட்டில் எளிதில் உலர்ந்துவிடும். இம்மூன்றும் மிளகும் கொறுக்காயும் சேர்ந்த குழம்புக்கே பொருந்தும். இங்கு வேண்டியது வெந்த பின் பெரிய வெள்ளை இதழ்களாகப் பிரியும் மீன். அந்த வகையில் முதலிடத்தைக் கொடுவாவுக்குத் தருவேன். கடைகளில் அதை மோதா என்ற சிங்களப் பெயரால் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். அடுத்ததாக விளைமீனும் கலவாயும் மிகவும் நல்லவை. பாரை சற்று அழுத்தமான சதையுடையதாயினும் பொருந்தும். அறக்குளாவும் வெந்தபின் வெண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதன் விலைக்கு அதைப் பொரித்து உண்பதே நியாயம் என்பது என் கருத்து.

கடல் மீன் கிடைக்காத நாட்களில் திலாப்பியாவை ஒதுக்க வேண்டியதில்லை. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று நாட்டின் நீர்த்தேக்கங்களில் பரவியிருக்கிறது. மென்மையான வெள்ளைச் சதையுடையது. கடலிலிருந்து மலையேறி வரும் மீனை விடப் பல நேரங்களில் புதியதாகவும் கிடைக்கிறது. அதன் ஒரே குறை, சில வேளைகளில் வரும் சேற்று வாடை. அந்த வாடை வயிற்றுப்பக்கக் கொழுப்பிலும், தோலுக்கு அடியில் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையிலும் அதிகமாகத் தங்குவதால், அவ்விரண்டையும் கத்தியால் சீவி நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முழு மீனாக வாங்குவதே பாதுகாப்பானது, ஏனெனில் கண்ணும் செவுளும் பொய் சொல்வதில்லை. கண் தெளிவாகவும் வெளித்தள்ளியும் இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திய குழி உடனே மேலெழ வேண்டும். வெட்டிய துண்டாக வாங்குவதாயின் சதையின் அடுக்குகளுக்கிடையே பிளவு இருக்கிறதா, ஓரங்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுக்குகள் பிளந்த துண்டு பலமுறை உருகி உறைந்ததாகவோ நெடுநேரம் நீரில் கிடந்ததாகவோ இருக்கக்கூடும், அது ஓவனில் நீரை நிறைய விடும். கடைக்காரரிடம் நடுத்துண்டாக, 2 முதல் 2.5 சென்ரிமீற்றர் தடிப்பில், ஒரே அளவாக வெட்டித் தரும்படி கேளுங்கள். வால் துண்டும் நடுத்துண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் ஒன்று வேகும் முன் மற்றொன்று உலர்ந்துவிடும். தலையையும் நடுமுள்ளையும் விட்டுவிடாமல் வாங்கிக்கொள்ளுங்கள், அவற்றில் அடுத்த வேளைச் சொதி இருக்கிறது.

உறைந்த மீனாயின் முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு சல்லடை மேல் வைத்து உருக விடுங்கள். நுவரெலியாவின் இரவுக் குளிரை நம்பி மீனைச் சமையலறை மேசையிலோ திண்ணையிலோ விட்டுவைக்கக் கூடாது. மீனுக்கு வேண்டியது 5 பாகை செல்சியசுக்குக் குறைவான நிலையான குளிர். நம் வீடுகளின் சமையலறை எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த நிலைக்கு உறுதி சொல்ல முடியாது.

மீனின் நீரை வாங்குதல்

நாம் மீனைக் கழுவும் வழக்கமான முறை இங்கே தடையாகிறது. தேசிக்காய்ச் சாறும் மஞ்சளும் பூசி வைத்த மீன் குழம்புக்கு எவ்வளவு நன்மை செய்கிறதோ, அவ்வளவு தீங்கைப் பால் சோஸுக்குச் செய்கிறது. சதையில் தங்கிய புளிப்பு, ஓவன் சூட்டில் பாலைத் திரியச் செய்து, சோஸை மணல்போல் ஆக்கிவிடக்கூடும். மஞ்சளோ வெள்ளைச் சோஸின் நிறத்தைக் கெடுக்கும். எனவே குளிர்ந்த நீரில் விரைவாகக் கழுவி உடனே துடைத்தெடுங்கள். வாடை குறித்து மனம் ஒப்பாதவர்கள் உப்பு நீரில் ஒருமுறை அலசலாம். தேசிக்காயை உண்ணும் மேசைக்கு ஒதுக்கி வையுங்கள், அங்கே அதற்கு உரிய இடம் உண்டு.

பின்னர் விரல் நுனியால் சதையை எதிர்ப்பக்கமாகத் தடவிச் சிறு முட்களைக் கண்டுபிடித்து, புருவ முடி எடுக்கும் சிறு இடுக்கியால் முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்து எடுங்கள். சோஸுக்குள் மறைந்த முள் குழம்பு முள்ளைவிட ஆபத்தானது, ஏனெனில் இந்த உணவை யாரும் முள் பார்த்து உண்பதில்லை; குழந்தைகளுக்குப் பரிமாறுவதாயின் இந்த வேலையில் அவசரம் கூடவே கூடாது.

அடுத்துத்தான் முக்கியமான படி. 700 கிராம் மீனுக்கு ஏறத்தாழ 10 கிராம் தூள் உப்பை, அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, எல்லாப் பக்கமும் சமமாகத் தூவி, சாய்வாக வைத்த தட்டில் 20 நிமிடங்கள் விடுங்கள். உப்பு மீனின் மேற்சதையிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. அதோடு சதையைச் சற்று இறுக்கி, சூட்டில் வெளிவரும் வெண்ணிறப் புரதக் கசிவையும் குறைக்கிறது. தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, மீனைக் கழுவாமல், கடதாசித் துவாலையாலோ சுத்தமான பருத்தித் துணியாலோ அழுத்தி அழுத்தி உலர்த்துங்கள். துணி ஈரமானால் அடுத்த துணியை எடுங்கள். உப்பு இங்கேயே மீனுக்குள் சென்றுவிட்டது, சீஸிலும் உப்பு இருக்கிறது. ஆகவே சோஸுக்கு உப்பிடுவதைக் கடைசியில் சுவைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உறைந்து உருகிய மீனுக்கு இதுவும் போதாமல் போகலாம். அவ்வாறான மீனை அகன்ற சட்டியில் ஒரே அடுக்காக வைத்து, சோஸுக்கென அளந்த பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் நான்கு நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். வெளியேற வேண்டிய நீரில் பெரும் பகுதி அந்தப் பாலுக்குள் இறங்கிவிடும். அந்தப் பாலை வடிகட்டி, அளந்து, 500 மில்லி லீட்டருக்கு மேல் இருந்தால் மிகுதியை நீக்கிவிட்டுச் சோஸ் செய்யலாம். மீனின் சுவை சோஸிலேயே தங்குவது இதில் கிடைக்கும் இன்னொரு நன்மை.

லீக்ஸ்

லீக்ஸை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அடுக்குகளை விரித்து, ஓடும் நீரில் கழுவுங்கள். தண்டு வெண்மையாக வளர மண் அணைத்துப் பயிரிடுவதால் உள்ளடுக்குகளில் மண் நிச்சயமாக இருக்கும். மெல்லியதாக அரிந்து, பட்டரில், சிறு தீயில், மூடி போட்டு எட்டு நிமிடமும் மூடியை எடுத்து மேலும் சில நிமிடமும் வதக்குங்கள். நிறம் மாறக் கூடாது, ஆனால் சட்டியின் அடியில் நீர் ஒரு துளியும் மிஞ்சக் கூடாது.

சோஸ்

பாலைச் சிறு சட்டியில் ஊற்றி, வெங்காயம், கராம்பு, பே இலை, மிளகு, பச்சை மிளகாய் ஆகியவற்றைப் போட்டுச் சூடாக்கி, கொதி எழும் முன் இறக்கி, 20 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். அக்கம்பக்கத்தில் கறந்த பாலாயின் முதலில் நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும். அப்படிக் காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையை எடுத்து வைத்திருந்து சோஸின் முடிவில் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால், கடையில் விற்கும் கிரீம் எதுவும் அதற்கு ஈடாகாது. பால்மா மட்டுமே வீட்டில் இருந்தால் 450 மில்லி லீட்டர் வெதுவெதுப்பான நீரில் 65 கிராம் முழு ஆடைப் பால்மாவைக் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ளலாம். தேங்காய்ப் பால் இதற்கு வேண்டாம். ரம்பையும் கறிவேப்பிலையும்கூட வேண்டாம் என்பேன். அவை நுழைந்த உடனே உணவு சொதியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அடி கனமான சட்டியில் 50 கிராம் பட்டரை உருக்கி, நுரை அடங்கியதும் மாவைச் சேர்த்து, மர அகப்பையால் இடைவிடாமல் கிளறியபடி சிறு தீயில் இரண்டு நிமிடம் வறுங்கள். பச்சை மா வாசனை போய், பிஸ்கட் மணம் எழும். நிறம் வெளிறியே இருக்க வேண்டும். வழக்கமான வெள்ளைச் சோஸுக்கு இதே அளவு பாலுக்கு 35 கிராம் மாவே போதுமானது. நாம் 50 கிராம் சேர்ப்பது, மீன் விடப்போகும் நீரை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்வதற்காகத்தான். சட்டியில் சோஸ் அளவுக்கு மீறிக் கெட்டியாகத் தோன்றும். அதைக் கண்டு பால் சேர்த்து இளக்கிவிடாதீர்கள்.

வெதுவெதுப்பான பாலை முதலில் ஓர் அகப்பை ஊற்றி, மா முழுவதும் இழுத்துக்கொண்டு பசைபோல் ஆகும் வரை கிளறுங்கள். பிறகு அடுத்த அகப்பை, அதன் பின் அடுத்தது. பாதிப் பால் சேர்ந்ததும் முட்டை அடிக்கும் கம்பிக்கு மாறி, மீதிப் பாலை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே அடியுங்கள். கட்டி விழுந்துவிட்டால் கண்ணுள்ள வடியில் ஊற்றித் தேய்த்துவிட்டால் போதும், புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

இந்த இடத்தில் உயரத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அது ஏறத்தாழ 96 பாகை. கோதுமை மாவின் மாச்சத்து முழுமையாகப் பருத்துச் சோஸைக் கெட்டியாக்குவதற்கு வேண்டிய சூடு இதற்குக் கீழேயே இருப்பதால் சோஸ் அமையாமல் போகாது. ஆனால் பச்சை மாவின் சுவை முற்றிலும் நீங்க, கொழும்பில் ஐந்து நிமிடம் போதும் என்றால் இங்கே எட்டு நிமிடம் சிறு தீயில் வைத்துக் கிளறுவது நல்லது. துணைக்கு உருளைக்கிழங்கு அவிப்பவர்கள் இதே காரணத்தால் அதை முன்னதாகவே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். அகப்பையின் முதுகில் படிந்த சோஸில் விரலால் கோடிழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுவே பதம்.

சீஸைச் சேர்க்கும் முன் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். கொதிக்கும் சோஸில் விழுந்த சீஸின் புரதம் இறுகி, கொழுப்பைப் பிழிந்து வெளியேற்றி, சோஸ் எண்ணெய் கக்கிக் கயிறுபோல் திரண்டுவிடும். செடார் சீஸே சுவைக்குரியது. கடைகளில் துண்டுகளாகக் கிடைக்கும் பதப்படுத்திய சீஸில் கலவை பிரியாமல் காக்கும் உப்புகள் சேர்க்கப்பட்டிருப்பதால் அது வழுவழுப்பாக உருகும், ஆனால் சுவை குறைவு. ஆகவே 80 கிராம் செடாருடன் 40 கிராம் பதப்படுத்திய சீஸைச் சேர்ப்பதே எனக்கு மிகவும் திருப்தியான கலவை. ஒன்றின் சுவையும் மற்றதன் மென்மையும் சோஸுக்குக் கிடைக்கின்றன. மொசரெல்லா சோஸுக்குள் இழையோடுமே தவிரச் சுவை தராது. விரும்பினால் மேலே தூவுங்கள். கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து, முந்தியது உருகிய பின் அடுத்ததைப் போட்டுக் கலக்கி, கடுகு விழுது, வெள்ளை மிளகு, சாதிக்காய், ஆடை ஆகியவற்றைச் சேர்த்து, சுவைத்துப் பார்த்து, வேண்டுமானால் மட்டும் உப்பிடுங்கள். கடுகு விழுது காரத்துக்காக அல்ல, சீஸின் சுவையை எடுத்துக்காட்டுவதற்காகச் சேர்க்கப்படுகிறது. அதிலுள்ள சிறிதளவு வினாகிரி மாவினால் கட்டுண்ட சோஸைத் திரியச் செய்யாது.

சோஸ் எண்ணெய் பிரியத் தொடங்கினால், சட்டியை இறக்கி, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலை ஊற்றிக் கம்பியால் வேகமாக அடித்தால் பெரும்பாலும் ஒன்றுசேர்ந்துவிடும். மலையகக் குளிரில் சோஸ் விரைவாக ஆறி மேலே தோல் கட்டுவதால், உடனே பயன்படுத்தாவிட்டால் பட்டர் தடவிய கடதாசியைச் சோஸின் மேற்பரப்பைத் தொடும்படி மூடி வையுங்கள்.

அடுக்கிச் சுடுதல்

ஓவனை 200 பாகையில் குறைந்தது 20 நிமிடம் முன்சூடேற்றுங்கள். மேசைமேல் வைக்கும் சிறு மின் ஓவன்களில் கதவைத் திறந்ததும் சூடு முழுதும் வெளியேறிவிடும், குளிர்ந்த சமையலறையில் அது மீண்டும் ஏற நேரமாகும். ஆகவே அடுக்கும் வேலையை முடித்துக்கொண்டே கதவைத் திறக்க வேண்டும். ஏறத்தாழ 20க்கு 28 சென்ரிமீற்றர் அளவுள்ள ஆழமான பைரெக்ஸ் தட்டிலோ பீங்கான் தட்டிலோ பட்டர் தடவி, குளிர்ந்திருந்தால் முதலில் வெந்நீரில் சற்று வெதுப்பித் துடைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி திடீர்ச் சூட்டில் வெடிக்கக்கூடும்.

அடியில் லீக்ஸைப் பரப்பி, அதன்மேல் மீன் துண்டுகளைச் சிறிய இடைவெளி விட்டு வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. மீன் அதிக நீர் விடும் வகை என்ற ஐயம் இருந்தால், லீக்ஸுக்கும் கீழே அரைவேக்காடாக அவித்த உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக அடுக்குங்கள். கசியும் நீரை அது உறிஞ்சிக்கொண்டு தானும் சுவை பெறும். சோஸை ஓரங்கள் வரை ஊற்றி மீன் வெளியே தெரியாதபடி மூடுங்கள். பாண் தூளை உருக்கிய பட்டரில் புரட்டி, மீதிச் சீஸுடன் கலந்து, மேலே தூவுங்கள்.

சிறு ஓவனில் மேல் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால் தட்டைக் கீழ்த்தளத்தில் வைத்து, பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பி வையுங்கள். 2.5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள மீனுக்கு 18 முதல் 22 நிமிடம் போதும், முன்னரே பாலில் வெதுப்பிய மீனாயின் 12 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். நடுத்துண்டின் மையத்தில் கத்தி நுனியை நுழைத்துப் பார்த்தால் சதை கண்ணாடித் தன்மை நீங்கி, ஒளி ஊடுருவாத வெண்மையாகி, இதழிதழாகப் பிரிய வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு மையத்தில் 63 பாகை என்பதே இலக்கு. மேற்பரப்பு இன்னும் வெளிறியிருந்தால் மேல் கம்பியை மட்டும் இயக்கி இரண்டு மூன்று நிமிடம் நிறமேற்றுங்கள். அந்த நேரத்தில் ஓவனை விட்டு அகலாதீர்கள். நிறத்துக்காக வெறுமனே சுடும் நேரத்தை நீட்டினால் மீன் உலரும், நீர் விடும், சோஸ் திரியும். வெளியே எடுத்த தட்டைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சோஸ் இறுகி, கரண்டியில் நிற்கும் பதத்துக்கு வரும்.

ஓவன் இல்லாத வீடுகளில் இந்த உணவைக் கைவிட வேண்டியதில்லை. அடி கனமான அகன்ற தாச்சியில் லீக்ஸையும் மீனையும் சோஸையும் அதே ஒழுங்கில் அடுக்கி, இறுக்கமான மூடியிட்டு, மிகச் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வைத்து, மூடியின் உட்புறம் தேங்கும் நீரை இடையில் ஒருமுறை துடைத்துவிடுங்கள். பாண் தூளைத் தனியே பட்டரில் மொறுமொறுப்பாக வறுத்து, பரிமாறும்போது மேலே தூவுங்கள். பொன்னிறச் சீஸ் மேற்பரப்பு கிடைக்காது என்பதைத் தவிரச் சுவையில் பெரிய குறை இருக்காது.

பரிமாறுதலும் மீதியும்

சூடான தட்டில், மசித்த உருளைக்கிழங்கோடும் உப்பிட்டு அவித்த கரட், போஞ்சியோடும் பரிமாறலாம். தட்டின் அடியில் மிஞ்சும் சோஸைத் துடைத்துண்ண ரோஸ் பாண் அருமையானது. சோறு இதற்குப் பொருத்தமான துணை அல்ல. தேசிக்காய்த் துண்டை அவரவர் தட்டில் வைத்து, உண்ணும் நேரத்தில் பிழிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே உண்டு முடியுங்கள். மீண்டும் சூடாக்கும்போது ஒரு மேசைக்கரண்டி பாலைத் தெளித்து, அலுமினியத் தாளால் மூடி, 150 பாகை ஓவனில் நடுவரை நன்றாகச் சூடேறும் வரை வையுங்கள். மைக்ரோவேவின் வேகமான சூட்டில் சீஸ் எண்ணெய் பிரிந்துவிடும். மிகக் குறைவாக மிஞ்சினால் மீனை உதிர்த்து, உருளைக்கிழங்கு மசியலோடு பிசைந்து, உருட்டி, முட்டையிலும் பாண் தூளிலும் புரட்டிக் கட்லட்டாகப் பொரித்துவிடலாம். சோஸ் ஏற்கெனவே கெட்டியாக இருப்பதால் அதற்கு வேறு மா சேர்க்க வேண்டியதில்லை.